சத்தம் எங்கிருந்து வருகிறது? காவிரிப் படுகையில் கார்ப் பழுதறிதல்

"வண்டியில ஒரு சவுண்டு வருதுண்ணே." தஞ்சாவூர்ப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சு இது. என்ன சவுண்டு என்று கேட்டால் கடகட என்கிறார் ஒருவர். கீச்சுக் கீச்சு என்கிறார் இன்னொருவர். மெக்கானிக் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கிறார். சத்தம் அந்த நேரம் பார்த்து வருவதில்லை. வழக்கமாக எது தேயுமோ அதை மாற்றச் சொல்கிறார். மாற்றிய பிறகும் சத்தம் நிற்பதில்லை. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிவிட்டு, கடைசியில் விரல் பருமன் லிங்க் ராடுதான் ஆடியது என்று கண்டுபிடித்த கதையைக் கார் இருக்கிற எந்த ஊரிலும் கேட்கலாம்.

பாகத்தை மாற்றுவது இதில் எளிய வேலை. எந்தப் பாகம் என்று தீர்மானிப்பதுதான் கடினம். அதற்கு இன்று மூன்று வழிகளில் விடை தேடுகிறார்கள். சத்தத்தின் சாயலை வைத்துப் பாகத்தை ஊகிப்பது ஒன்று. எப்போது, எந்த வேகத்தில், எப்படிப்பட்ட சாலையில் வருகிறது என்று கேட்டுக் கேட்டு, இல்லாததையெல்லாம் கழித்துக்கொண்டே நெருங்குவது இரண்டாவது. கருவியிடம் கேட்பது மூன்றாவது. இந்த மூன்றில் இரண்டாவதையே நம்பலாம் என்பது என் முடிவு. அதோடு இந்த மண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உளுந்துச் செடியும் வண்டலும் தேங்கிய தண்ணீரும் உப்புக் காற்றும் வயல் எலியும் காரில் உண்டாக்கும் சத்தங்களுக்குக் கம்பெனிக் கையேடுகள் பெரிதாக இடம் கொடுப்பதில்லை.

காது எப்படி ஏமாறுகிறது

ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை, இரண்டு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டு மூளை கணிக்கிறது. திறந்தவெளியில் இந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்யும். மூடிய காருக்குள் அது குழம்பிவிடுகிறது. தேய்ந்த பேரிங் எழுப்பும் முனகல் நொடிக்கு 100 அதிர்வு அளவில் இருந்தால் அதன் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், அதாவது காரின் உட்புறத்தையே விட நீளம். அப்படிப்பட்ட ஒலி கார் முழுவதும் ஒரேபோல நிறைந்திருக்கும். பின்னால் இடப்பக்கச் சக்கரத்தில் கிளம்புவது ஓட்டுபவரின் காலடியிலிருந்து வருவதாகத் தோன்றும். இரும்பில் ஒலி, காற்றில் போவதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. லோயர் ஆர்மில் எழுந்த அடி பாடியின் வழியாக ஓடி டாஷ்போர்டில் போய்க் கேட்பது அதனால்தான். கீச்சென்ற உயர்ந்த ஒலியோ கண்ணாடிகளில் பட்டுத் தெறித்துத் திசை மாறிவிடுகிறது.

ஆகவே "முன்னாடி வலது பக்கம் வருதுங்க" என்று ஓட்டுபவர் சொல்வதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு ஒரு சிறிய சோதனை உண்டு. ஜன்னலை இறக்கிவிட்டு, நீண்ட மதில் சுவரையோ பாலத்தின் கைப்பிடிச் சுவரையோ ஒட்டி மெதுவாக ஓட்டினால், அந்தப் பக்கத்துச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். பிறகு மறுபக்கச் சுவரை ஒட்டியும் ஓட்டி ஒப்பிட வேண்டும். ரேடியோவும் ஏசியும் அணைந்திருக்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் உருளும் தண்ணீர் பாட்டில், கதவுப் பையில் கிடக்கும் சில்லறை எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். ஸ்டெப்னியின் திருகு தளர்ந்திருந்ததைப் பின் ஷாக் அப்சார்பர் பழுது என்று நினைத்தவர்கள் குறைவில்லை.

சாயலை வைத்து ஊகிப்பதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 1987 முதல் 2012 வரை நாடு முழுதும் ஒலிபரப்பான 'கார் டாக்' என்ற வானொலி நிகழ்ச்சியில், நேயர்கள் தொலைபேசியில் தங்கள் காரைப் போலவே சத்தம் போட்டுக் காட்டுவார்கள். டாம், ரே மாலியாட்சி என்ற சகோதரர்கள் பழுதைச் சொல்வார்கள். ஆனால் சொல்வதற்கு முன் அவர்கள் கேள்வி கேட்பார்கள்: எப்போது வருகிறது, எவ்வளவு வேகத்தில், திருப்பத்திலா, பிரேக் அடிக்கும்போதா? சாயல் அவர்களுக்குத் தொடக்கம் மட்டுமே. கீச்சொலி பிரேக் பேடிலிருந்தும் வரலாம், பெல்ட்டிலிருந்தும் வரலாம், ரப்பர் புஷ்ஷிலிருந்தும் வரலாம். பிரேக்கை மிதித்தால் வருகிறதா, மிதித்தால் நிற்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டாலே இந்த மூன்றில் இரண்டு கழிந்துவிடும்.

எஞ்சினா, சக்கரமா?

எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி இதுதான். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்க்க வேண்டும். சத்தம் வந்தால் அது எஞ்சினோடோ அதைச் சார்ந்த பெல்ட், மவுண்டிங், சைலன்ஸரோடோ தொடர்புடையது. வராவிட்டால் நேரான, ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். எஞ்சின் சுழற்சி இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் அது சக்கரத்தோடு ஓடுவது. சோதனை செய்கிறேன் என்று சாவியை அணைத்துவிடக் கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும், பிரேக்கின் பூஸ்டர் உதவியும் போய்விடும்.

அடுத்து எண்ணுவது. 165/80 ஆர்14 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.95 மீட்டர் போகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவு; காதாலேயே எண்ணிவிடலாம். 60இல் எட்டரைச் சுற்று. அங்கே தனித்தனி அடிகள் ஒன்றுசேர்ந்து முனகலாகிவிடும். சக்கரம் சுற்றும் கணக்கோடு ஒத்துப்போகும் 'டப் டப்' என்றால் டயரில் குத்திய ஆணி, டயரின் பக்கவாட்டில் எழுந்த வீக்கம், டிரைவ் ஷாஃப்டில் சுற்றிய பொருள் ஆகியவற்றைத் தேட வேண்டும். அதைவிட விரைவாக இருந்தால் எஞ்சின் பக்கம் போகலாம். எஞ்சினுக்குள்ளும் இதே கணக்கு உதவும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் கிராங்க் நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றும். கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். நொடிக்கு ஆறேழு முறை 'டிக் டிக்' என்றால் வால்வு, டேப்பெட் பக்கம். அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் கனமான அடி கேட்டால் கீழே கிராங்க், கனெக்டிங் ராடு பக்கம். முதலாவதில் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப் வரை மெதுவாகப் போகலாம். இரண்டாவதில் ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

கிளட்ச் பெடல் செலவில்லாத ஒரு கருவி. நியூட்ரலில் நிற்கும்போது கேட்கும் 'உர்ர்' என்ற ஒலி பெடலை மிதித்தால் நின்றுவிட்டால் கியர்பாக்ஸின் உள் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். ஓட்டுபவர் இதைத் தானே செய்து பார்த்துச் சொன்னால் மெக்கானிக்கின் அரைநாள் வேலை மிச்சம்.

பேரிங்கையும் டயரையும் பிரிப்பதில்தான் நம் சாலைகள் கைகொடுக்கின்றன. கிராமத்து சிமெண்டுச் சாலையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும்போது முனகலின் தன்மை மாறினால் அது டயரின் பூ தேய்ந்த விதத்தால் வருவது. இரண்டு சாலையிலும் ஒன்றுபோலவே இருந்தால் பேரிங். பிறகு, வண்டி வராத அகலமான சாலையில் ஸ்டியரிங்கை மெல்ல இடப்பக்கம் வளைத்துப் பார்க்கலாம். அப்போது எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். முனகல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங்தான். வலப்பக்கம் வளைத்தால் நேர்மாறாக இருக்கும். இதை ஜாக்கியில் தூக்கி உறுதி செய்ய வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பேரிங்கையோ பால் ஜாயிண்டையோ காட்டும்; இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் டை ராடைக் காட்டும். சுழற்றிவிட்டு ஸ்பிரிங்கைத் தொட்டால், கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு விரலுக்கே தெரியும்.

இந்த மண்ணின் சத்தங்கள்

சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் நெல் தரிசில் உளுந்தும் பயறும் போடுவது டெல்டாவின் பழைய வழக்கம். செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்து கதிரடிக்கச் சாலையில் பரப்புவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறிக் காய் வெடித்து மணி உதிரும். மார்ச், ஏப்ரலில் கிராமச் சாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. நெல் அறுவடை இயந்திரமயமாகி, வைக்கோலை வயலிலேயே உருளையாகக் கட்டிவிடுகிற இந்தக் காலத்தில் காருக்கு வைக்கோலைவிட உளுந்துச் செடிதான் அதிகத் தொந்தரவு. அந்தத் தண்டு கொடியைப் போல வளைந்துகொடுக்கும், எளிதில் அறாது.

ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு காரை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வந்தவர் பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்டியே வந்திருந்தார். மெக்கானிக் உடனே ஜாக்கியை எடுக்கவில்லை.

"எப்பலேருந்து சார் வருது?"

"நாலு நாளா. மெதுவாப் போனா தனித்தனியாக் கேக்குது, வேகமாப் போனா சர்ருன்னு ஒண்ணாயிருது."

"ரோட்டுல செடி போட்டிருந்தாங்களா?"

அந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. டார்ச்சோடு அடியில் புகுந்தவர், இடப்பக்க டிரைவ் ஷாஃப்டில் கியர்பாக்ஸை ஒட்டி உளுந்துத் தண்டுகள் கயிறாக முறுக்கிக் கிடப்பதைக் காட்டினார். சேறும் கிரீஸும் கலந்து அது காய்ந்த சாணி உருண்டையைப் போல இறுகியிருந்தது. துருத்திக்கொண்டிருந்த ஒரு முனை ஒவ்வொரு சுற்றுக்கும் அடித்தகட்டில் பட்டு 'டப்' என்றது. கருக்கரிவாளால் அறுத்து எடுத்தார்கள். அதோடு அவர் நிறுத்தவில்லை. ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, கியர்பாக்ஸ் ஆயில் சீல் கசிகிறதா என்று துணியால் துடைத்து, வண்டியை ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்லி மறுபடியும் பார்த்தார். தண்டைவிட அது அறுத்துவிடக்கூடிய சீல்தான் செலவு வைப்பது. பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறிச் சேறு உள்ளே போகும். சில வாரங்களில் சிவி ஜாயிண்ட் தேயும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று கேட்கத் தொடங்கும். காலியான மைதானத்தில் முழு ஒடிப்பில் ஒரு வட்டம் இந்தப் பக்கம், ஒரு வட்டம் அந்தப் பக்கம் போனால் இதை உறுதி செய்யலாம். பூட் கிழிந்தவுடனே பார்த்தால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். சத்தம் வந்த பிறகு ஜாயிண்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

செடியின் மேல் ஓட்டிய பிறகு அடியில் 'சரசர' என்று கேட்டால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓடும் காரின் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பல நூறு டிகிரி சூடாக இருக்கும். காய்ந்த செடி அதில் ஒட்டினால் தீப்பிடிக்கும். கொள்ளு, உளுந்து பரப்பிய சாலைகளில் கார்கள் எரிந்த செய்திகள் வந்திருக்கின்றன. செடியைத் தாண்டியதும் நிறுத்தி, குனிந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். முக்கியமாக அந்தச் செடியின் மேலேயே வண்டியை நிறுத்தக் கூடாது.

குறுவை அறுவடையின்போது தொந்தரவு வேறு விதமாக வரும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் மழைக்கிடையே கிடைத்த வெயிலில் விவசாயி நெல்லைச் சாலையில் காயவைக்கிறார். அவருக்கு வேறு களம் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பதரும் தூசும் பறந்து ஏசி கண்டென்சரையும் ரேடியேட்டரையும் அடைக்கின்றன. காற்று போகாததால் ஃபேன் இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடும். "எஞ்சின் சவுண்டு அதிகமாயிடுச்சு" என்று வருகிற வண்டிகளில் இதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைத்த தண்ணீரால் கழுவினால் ஃபேன் பழையபடி விட்டு விட்டு ஓடும். அழுத்தம் கூடினால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும்.

தண்ணீர் இன்னும் தந்திரமானது. வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சமவெளி எவ்வளவு வாங்கும் என்பதற்கு 2008 நவம்பரை நினைத்தால் போதும். நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை பெய்தது. வடிய இடமில்லாமல் சாலையில் நிற்கும் தண்ணீரில், ஓடிச் சூடான வீல் பேரிங் சட்டென்று இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அந்த உறிஞ்சலில் சீலைத் தாண்டித் தண்ணீர் நுழைகிறது. கிரீஸ் கெட்டு, உருளைகள் துருப்பிடித்து, முனகல் கேட்க வாரங்கள் ஆகலாம். கார்த்திகையில் தண்ணீரில் ஓட்டியதைத் தை மாதத்தில் யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. மழை முடிந்த பிறகு எழும் முனகலுக்கு, "எந்த ஊர்த் தண்ணியில இறங்குச்சு, சக்கரத்துல எவ்வளவு உயரம்?" என்பதே மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மழைக்கு மறுநாள் காலை முதல் சில பிரேக்குகளில் கேட்கும் உரசல் டிஸ்கின் மேல் படர்ந்த மெல்லிய துரு, தானே போய்விடும். அதற்காகப் பேடை மாற்ற வேண்டியதில்லை. பின் டிரம்முக்குள் புகுந்த வண்டல் தானே போகாது. கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும். டிஸ்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் நடுவே ஜல்லி ஒன்று சிக்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கிறீச்சிடும். கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினால் பெரும்பாலும் விழுந்துவிடும். புதிய பிரேக் பேடின் தடிமன் வழக்கமாகப் பத்து மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். மூன்றுக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். பல பேடுகளில் அந்த நிலை நெருங்கும்போது உரசிக் கீச்சிடவென்றே ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கீச்சொலிக்குச் செவிசாய்க்காதவர்களுக்கு அடுத்து வருவது இரும்போடு இரும்பு அரைக்கும் ஒலி. அப்போது டிஸ்கும் சேர்ந்து போகும்.

தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும். அன்றைக்கு ஓடினாலும் பிறகு ஒருநாள் 'டங் டங்' என்று அடிக்கத் தொடங்கும். கட்டி இழுத்து வந்து, ஸ்பார்க் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சுழற்றவேண்டும்.

அறுவடை முடிந்ததும் வயல் எலி வரப்பை விட்டு வீட்டுப் பக்கம் வரும். தஞ்சாவூர்க் கிட்டி என்று மூங்கிலில் பொறி செய்து எலி பிடித்த ஊர் இது. இரவில் சூடு ஆறாத எஞ்சின் அதற்கு நல்ல இடம். புளோயருக்குள் வைக்கோல் கூடு வைத்தால் ஏசி போட்டதும் 'படபட' என்று அடிக்கும். இக்னிஷன் வயரையோ இன்ஜெக்டர் வயரையோ கடித்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் வண்டி உதறும். பேனட்டைத் திறந்து பார்க்காதவர் மவுண்டிங் போய்விட்டது என்று நினைப்பார். வண்டியைப் பல நாள் ஓட்டாமல் வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேனட்டைத் திறக்கும் பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக் காற்று. சைலன்ஸரை மூடியிருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டின் போல்ட்டுகள் துருப்பிடித்து விடும். குறிப்பிட்ட ஓர் எஞ்சின் சுழற்சியில் மட்டும் 'சில்ல்' என்று அதிர்ந்து, கூட்டினாலும் குறைத்தாலும் நின்றுபோகும் சத்தம் அநேகமாக இதுதான். அகலமான ஹோஸ் கிளிப் ஒன்றால் இறுக்கினால் சரியாகிவிடும். சைலன்ஸரையே மாற்றச் சொன்னால், தகட்டை ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்தீர்களா என்று கேளுங்கள், வண்டி ஆறிய பிறகு.

மதகும் வேகத்தடையும்

ஆறும் வாய்க்காலும் இவ்வளவு நெருக்கமாக ஓடும் நாட்டில் சாலை எப்போதும் ஒரு மதகின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு நடுவே வேகத்தடைகள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மென்மையான வளைவாக இருக்கவேண்டும். கிராமச் சாலைகளில் இருப்பவற்றில் பல அதைவிட ஒடுங்கியவை, செங்குத்தானவை. டெல்டாவின் கார்களில் சஸ்பென்ஷன் சத்தம் அதிகம் பேசப்படுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இங்கேயும் எப்போது என்பதுதான் கேள்வி. சிறிய குண்டுகுழியில் மெதுவாகப் போகும்போது 'லொட லொட' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு. இதை இரண்டு சக்கரங்களையும் தூக்கி வைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியாமல் போகலாம். வண்டி தரையில் நிற்கும்போது கையால் பிடித்து அசைத்துப் பார்க்கவேண்டும். வேகத்தடையில் இறங்கும்போது ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயிண்ட். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் சொடுக்கினால் ஸ்ட்ரட்டின் மேல்பக்க மவுண்டிங். ரிவர்ஸ் போட்டதும் ஒரு அடி என்றால் எஞ்சின் மவுண்டிங்.

புஷ்ஷின் கிறீச்சொலிக்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு: வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலையோ பழைய எஞ்சின் ஆயிலையோ அடிப்பது. லீஃப் ஸ்பிரிங் வண்டிக் காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். ரப்பர் புஷ்ஷுக்கு அது கேடு. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும். இரண்டு நாள் அமைதி, பிறகு முன்பைவிட மோசம். சத்தம் எந்தப் புஷ்ஷிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொன்றாகச் சிலிக்கான் ஸ்பிரே அடித்து வண்டியை அமுக்கிப் பார்க்கலாம். எதில் அடித்தபோது நின்றதோ அதுதான். மாற்ற வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் பார்க்கத் தக்கது. அம்பாசடரில் எஞ்சின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால். நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் தேய்ந்தால் கியர் போட்டதும் 'டங்' என்னும். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் கிறீச்சிடும். ஒரு தலைமுறை மெக்கானிக்குகளின் காது அதில் பழகியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது ஓட்டும் சக்கரம் முன்னால் வந்தது. சிவி ஜாயிண்ட் என்ற புதிய சந்தேகத்துக்குரிய பாகமும் வந்தது. அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. இப்போது மின்கார்கள் வரத் தொடங்கிவிட்டன. எஞ்சின் ஒலி மறைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்னச் சத்தங்களெல்லாம் அவற்றில் தெளிவாகக் கேட்கும். டயரும் பேரிங்கும் புஷ்ஷும் மின்காரிலும் அவைதான். காதின் வேலை குறையப்போவதில்லை.

கருவிகள்

நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டரில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது இன்றும் நல்ல முறைதான். சட்டையின் கையையும் துண்டையும் ஓடும் பெல்ட்டுக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளவேண்டும். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போலவே நுனியில் கம்பி வைத்த மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பும் கிடைக்கிறது. மார்கழிப் பனியில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று கத்தும் பெல்ட்டுக்குக் கருவியே வேண்டாம். அதன் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. சற்று நேரம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. தெளித்தும் எதுவும் மாறவில்லை என்றால் டென்ஷனர் பேரிங்கைப் பார்க்கவேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் செருகும் ஸ்கேனரின் மேல் மக்களுக்குப் பெரிய நம்பிக்கை. மிஸ்ஃபயரை, சென்சார் பழுதை அது சொல்லும். லிங்க் ராடு ஆடுவதை அறிய அதில் எந்தச் சென்சாரும் இல்லை. ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை என்பதால் வண்டியில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவது தவறு. இதைவிடப் பயனுள்ளது, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கிளிப் போட்டு மாட்டும் ஒலிவாங்கிகள். ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக மாற்றி ஹெட்போனில் கேட்கலாம். தஞ்சாவூர் அளவிலான ஊரில் நான்கைந்து ஒர்க்‌ஷாப்புகள் சேர்ந்து ஒன்று வாங்கினால்கூடப் பலன் உண்டு என்பது என் கருத்து. கைப்பேசியில் பதிவு செய்வதும் நல்லதே. ஆனால் பேச்சுக்காகச் செய்யப்பட்ட அதன் ஒலிவாங்கி, தாழ்ந்த முனகலை இரைச்சல் என்று வடிகட்டிவிடக்கூடும்.

ஒலியையும் அதிர்வையும் கணினிக்குப் பழக்கிப் பழுதைச் சொல்லவைக்கும் ஆய்வுகள் உலகெங்கும் நிறைய வருகின்றன. பேரிங் பற்றிய ஆய்வுகளில் மிகப் பல, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒரே தரவுத் தொகுப்பின் மேல் சோதிக்கப்பட்டவை. அங்கே ஒரு சிறிய மின்மோட்டாரின் பேரிங்கில், மின்பொறியால் 0.18 மில்லிமீட்டர் முதலான அளவுகளில் வேண்டுமென்றே குழி போட்டு அதிர்வைப் பதிவு செய்தார்கள். சுத்தமான ஆய்வுக்கூடம், மாறாத வேகம். சேற்றுத் தண்ணீர் புகுந்து துருவேறிய பேரிங், குண்டுகுழிச் சாலையில் வேகம் மாறி மாறி ஓடும்போது எழுப்பும் ஒலி அதில் இல்லை. டெல்டாவில் உள்ள பொறியியல் கல்லூரிகள் மழைக்காலத்துக்குப் பின் கழற்றிப்போடும் பேரிங்குகளைச் சேகரித்து, எந்த வண்டி, எவ்வளவு தூரம் ஓடியது, எந்தத் தண்ணீரில் இறங்கியது என்ற குறிப்போடு பதிவு செய்தால், அது இந்த மண்ணுக்குப் பயன்படும் ஆய்வாக இருக்கும்.

பொறுக்கக் கூடாதவை

சில சத்தங்களுக்குச் சோதனை, டிரையல் எதுவும் வேண்டாம். ஆயில் விளக்கு எரிய எஞ்சினின் அடியிலிருந்து கனத்த அடி. பிரேக்கில் இரும்பு அரைக்கும் ஒலி. நாளுக்கு நாள் கூடி, கூடவே சக்கரத்தில் ஆட்டமும் உள்ள முனகல். ஸ்டியரிங் அதிர எழும் 'டப் டப்' என்ற டயர் ஒலி. நான்கிலும் வண்டியை ஓரம்கட்டவேண்டும். பஞ்சர் ஒட்டி, சக்கரம் மாட்டிய அன்றே எழும் 'கடக் கடக்' சத்தத்துக்கு முதலில் வீல் போல்ட்டைத்தான் பார்க்கவேண்டும். நாலு நட்டையும் ஸ்பானரால் இறுக்க இரண்டு நிமிடம் போதும்.

மற்றவற்றுக்கு ஒழுங்கான டிரையல் வேண்டும். தஞ்சாவூரில் இருப்பவர்களுக்குத் திருவையாறு சாலையைச் சொல்வேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். ஒவ்வொரு பாலத்தின் இணைப்பிலும் ஒரு சிறு அடி, அது சஸ்பென்ஷனுக்கு. கைப்பிடிச் சுவர் சக்கரத்தின் ஒலியைத் திருப்பித் தரும், அது பேரிங்குக்கு. நெரிசல் இல்லாத அதிகாலையில், ஓட்டிப் பழகியவரே ஓட்ட, மெக்கானிக் பக்கத்திலும் பிறகு பின் சீட்டிலும் உட்கார்ந்து கேட்கவேண்டும். ஓட்டுபவர் இல்லாமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்தில்தான் பாதிப் பழுதுகள் கண்டுபிடிக்கப்படாமல் போகின்றன. வேலை முடிந்ததும் அதே சாலை, அதே வேகம், அதே ஆட்களோடு மறுபடி ஒரு டிரையல்.

கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றினால் சொரசொரப்பு தெரிய வேண்டும். லிங்க் ராடின் உருண்டையை விரலால் அசைத்தால் தளர்ந்து ஆட வேண்டும். புஷ்ஷை மடக்கினால் வெடிப்பு தெரிய வேண்டும். இவை எதுவும் இல்லாமல் பாகம் புதிதைப் போல இறுக்கமாக இருந்தால், மெக்கானிக்கோடு சண்டைக்குப் போகாமல், அதே இடத்தில் உட்கார்ந்து எந்தக் கேள்வியை விட்டோம் என்று இருவரும் மறுபடி முதலிலிருந்து பேசத் தொடங்கலாம்.